ஓகியெக் காட்டுத் தேன்: மூன்று மாதம் உண்டு பார்த்த பின்

நைரோபியில் வேலை பார்க்கும் என் தம்பி சென்ற நவம்பரில் விடுமுறைக்கு வந்தபோது, கென்யாவின் நக்கூரு நகரத்துக் கடையொன்றில் வாங்கிய இரண்டு பாட்டில் தேனை எனக்கென்று கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் அரைக் கிலோ. அவற்றில் ஒன்று பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே பெட்டிக்குள் கசிந்து, அம்மாவுக்கென்று அவன் வாங்கியிருந்த பருத்திப் போர்வை ஒன்றை நனைத்துவிட்டது. மூடியின் உட்புறத்தில் இருக்க வேண்டிய அடைப்பு இல்லை. கழுத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து அதன் மேல் மூடியைத் திருகியிருந்தார்கள். நான் சொல்லப்போகும் குறைகள் இரண்டுதான், அவற்றில் ஒன்று இது. மற்றொன்று பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைப் பற்றியது. அதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுவதால் பின்னால் எழுதுகிறேன். தேனில் குறை காண எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஒட்டியிருந்த தாளில் பெரிய எழுத்தில் ‘ஓகியெக் தேன்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘மாவ் காடு, கென்யா’ என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நிறுவனத்தின் பெயரையோ பூவின் பெயரையோ தேன் பாட்டிலில் பார்த்துப் பழகிய எனக்கு, தேனை எடுத்த ஓகியெக் என்ற காட்டுமக்களின் பெயரை முன்னால் வைத்திருந்தது உடனே கண்ணில் பட்டது. நான் பிறந்து வளர்ந்தது தாளவாடியில். அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். கோடை மழைக்கு முன்னும் பின்னுமான வாரங்களில் சோளகர் என்னும் பழங்குடியினர் காட்டிலிருந்து இறங்கிவந்து, மக்காச்சோளச் சக்கையை மூடியாகச் செருகிய பழைய பாட்டில்களில் தேனைக் கொண்டுவருவார்கள். அப்பா அதை எடை போட்டு வாங்கி, துணியில் வடிகட்டி, வேறு பாட்டில்களில் ஊற்றி ‘மலைத்தேன்’ என்று எழுதி அடுக்குவார். மலையின் பெயர் விற்றது. மலையில் ஏறியவரின் பெயர் எந்தப் பாட்டிலிலும் இருந்ததில்லை. அந்தப் பாட்டில்களுக்கு நடுவே வளர்ந்தவள் என்பதால்தான் இந்தக் கென்யத் தேனைச் சும்மா தின்று தீர்க்காமல் உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

முதலில் சுவை. நிறம் நம் ஊர் மலைத்தேனைவிட வெளிறியது. நன்றாகக் காய்ச்சிய பசுநெய் ஆறும்போது வருமே, அந்த மஞ்சள். கரண்டியிலிருந்து ஊற்றினால் அறுபடாமல் மெல்லிய கம்பியாக இறங்கி, அடியில் மடிந்து மடிந்து ஒரு சிறு குன்றாக நின்று, பிறகுதான் கலைகிறது. நாக்கில் வைத்த மறுகணம் இனிப்பு தெரிவதில்லை. முதலில் ஒரு மெல்லிய புகை வாடை, அதன் பின்னால் வெண்ணெய் போன்ற ஒரு வழவழப்பு, அதற்கும் பின்னால்தான் இனிப்பு வருகிறது. தொண்டையில் எரிச்சல் இல்லை. பாகு காய்ச்சியது போன்ற ஒற்றை இனிப்பும் இல்லை. சோளகர்களின் மலைத்தேனில் எனக்குப் பழக்கமான துவர்ப்பையும் இலேசான புளிப்பையும் எதிர்பார்த்து உண்பவர்களுக்கு இது சற்று அடக்கமாகத் தோன்றலாம். எனக்கு அந்தப் புகை வாடை மிகவும் பிடித்திருந்தது. என் மாமியாருக்கு அதுதான் பிடிக்கவில்லை, ‘அடுப்படி வாசனை அடிக்கிறது’ என்றார்.

அந்த வாடைக்குக் காரணம் உண்டு. ஓகியெக் மக்கள் மரத்தில் ஏறிக் கூட்டைத் திறக்கும்போது, பாசியையும் காய்ந்த நாரையும் பட்டையில் சுற்றிக் கொளுத்தி, அந்தப் புகையைக் கூட்டுக்குள் ஊதித் தேனீக்களைத் தணிக்கிறார்கள். அடையோடு எடுக்கும் தேனில் அந்தப் புகை கொஞ்சம் தங்கிவிடுகிறது. தொழிற்சாலையில் சூடாக்கி வடிகட்டும் தேனில் இந்த வாடை நிற்காது. ஆகவே புகை வாடை இருப்பதைக் குறையாகக் கொள்ளாமல், இந்தத் தேன் அதிகம் கைபடாமல் வந்திருக்கிறது என்பதற்கான ஓர் அறிகுறியாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

தேன் அசலா போலியா என்று பார்ப்பதற்கு நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யும் சோதனைகளை, அதாவது தண்ணீரில் சொட்டுவிடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை, நான் செய்யவில்லை. கெட்டியான சர்க்கரைப் பாகும் அந்தச் சோதனைகளில் தேறிவிடும். நீர்ச்சத்து மிகுந்த நல்ல காட்டுத் தேன் தேறாமலும் போகும். ஓசூர் பக்கம் தேனீப்பெட்டி வைத்திருக்கும் தோழி ஒருத்தியிடம் ஒளிவிலகல் மானி இருக்கிறது. அவளிடம் கொடுத்து நீர்ச்சத்தை மட்டும் அளந்து பார்த்தேன். 19 சதவீதம் காட்டியது. இந்தியத் தர விதிப்படி 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதே நாளில் அளந்த, பெங்களூருக் கடையில் வாங்கிய மலைத்தேன் 23 சதவீதம் காட்டியது. இதனால் நம் மலைத்தேன் மட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது பாறையிலும் பெருமரக் கிளையிலும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும் பெருந்தேனீயின் தேன். ஈரக்காற்று நேரடியாகப் படுவதால் நீர்ச்சத்து கூடுவது அதன் இயல்பு. ஓகியெக் தேன் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அது இருளான மரக் கூட்டுக்குள், மூடிய அடைகளில் முதிர்ந்திருப்பது.

இங்கேதான் நான் நெடுநாளாக வைத்திருந்த ஒரு தவறான எண்ணம் உடைந்தது. ஓகியெக் மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டபோதெல்லாம், சோளகர்களையும் குறும்பர்களையும் போல அவர்களும் காட்டில் தேன் கட்டியிருக்கும் இடத்தைத் தேடிப்போய் எடுப்பவர்கள் என்றே நினைத்திருந்தேன். அவர்கள் தேடிப்போவதோடு நிற்பவர்கள் அல்லர். தேனீக்கு வீடு செய்து கொடுப்பவர்கள். மலை தேவதாரு போன்ற உளுத்துப்போகாத மரத்தில் நீண்ட துண்டு ஒன்றை எடுத்து, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மீண்டும் ஒன்றாகப் பொருத்திக் கட்டி, உயர்ந்த மரங்களின் கவட்டையில் ஏற்றி வைக்கிறார்கள். தேனீ தானாக வந்து குடியேறும். அப்படி ஏற்றிவைத்த ஒரு கூடு பல ஆண்டுகள் நிற்கும். தகப்பனுக்குப் பின் மகன் அதைப் பார்த்துக்கொள்வான். நம் பெருந்தேனீ எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது, அதனால் நம் மலைமக்களுக்கு இந்த வேலை வாய்க்கவில்லை. பொந்துகளில் வாழப் பழகிய ஆப்பிரிக்கத் தேனீ அடங்கும்.

கூடு வைப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. காட்டை ஓகியெக் குலங்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்த முறையைப் படித்தபோது, ஐந்திணை கற்ற எந்தத் தமிழருக்கும் உள்ளே ஒரு மகிழ்ச்சி எழும் என்று தோன்றியது. மலையின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நீளும் பட்டையாக ஒவ்வொரு குலத்துக்கும் நிலம் இருந்தது. அடிவாரத்தில் ஒரு பருவத்தில் பூக்கும் மரங்கள் ஓய்ந்த பின் நடுமலையில் வேறு மரங்கள் பூக்கும். அவையும் ஓய்ந்தால் மேல்மலையில் பூக்கும். வெள்ளைப் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் தொம்பேயா அந்தக் காட்டின் பெயர்பெற்ற தேன்மரங்களில் ஒன்று. பூ ஏறும் திசையில் மனிதரும் ஏறுவார்கள், கூடுகளும் அந்தந்த உயரத்தில் காத்திருக்கும். குலத்துக்கு வெளியே உள்ளவர் அந்தப் பட்டைக்குள் கூடு வைக்கவோ தேன் எடுக்கவோ முடியாது. இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது: பட்டையின் நடுவில் ஒரு துண்டைத் தேயிலைக்கோ குடியேற்றத்துக்கோ எடுத்துவிட்டால், இழப்பு அந்தத் துண்டோடு முடியாது, அந்தக் குலத்தின் ஆண்டில் சில மாதங்கள் காலியாகிவிடும். அந்த மாதங்களில் அவர்கள் உண்பது, மாற்றுவது, சடங்குக்கு எடுப்பது எல்லாம் அறுந்துபோகும்.

தேன் அவர்களுக்கு உணவு மட்டும் அன்று. தண்ணீர் கலந்து புளிக்கவைத்த தேன் மது இல்லாமல் அவர்களிடையே சடங்கு இல்லை. பெண் கேட்டுப் போகும்போதும் தேன் வேண்டும். காயத்துக்கும் இருமலுக்கும் மருந்தாகவும் தேன் உதவும். மாடு வளர்க்கும் மாசாய் மக்களுக்குத் தேனைக் கொடுத்து, ஆடுமாடுகளையும் மற்றப் பொருள்களையும் மாற்றிக்கொண்டார்கள். வேட்டையும் அவர்கள் வாழ்வில் பெரும்பங்கு. மரநாய் அளவே உள்ள மர ஹைராக்ஸ் முதல் காட்டுப்பன்றிவரை வேட்டையாடினார்கள். 1977-இல் கென்ய அரசு வேட்டையை முழுவதும் தடைசெய்த பிறகு தேனின் இடம் முன்னைவிடப் பெரிதாயிற்று.

பெயரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இவர்களை நெடுங்காலம் வெளியார் ‘டொரோபோ’ என்றே அழைத்துவந்தார்கள். மாடு இல்லாத ஏழைகள் என்ற பொருளில் மாசாய் மொழியிலிருந்து வந்த சொல் அது. நம் மொழியிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு என்பதால், மாடு இல்லாதவரை எதுவும் இல்லாதவராக எண்ணும் அந்தப் பார்வை நமக்குப் புதிதன்று. காடு முழுவதும் கூடுகள் வைத்திருந்த மக்களை ஒன்றும் இல்லாதவர்கள் என்று அழைத்த சொல்லை ஆங்கிலேய அதிகாரிகளும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1930-களில் கென்யாவின் நில உரிமைகளை ஆராய்ந்த குழு, இவர்களுக்குத் தனி நிலம் தேவையில்லை, பக்கத்துப் பெரிய இனங்களின் ஒதுக்கிடங்களுக்குள் அனுப்பிவிடலாம் என்றே பரிந்துரைத்தது. ஆகையால் ஒரு பாட்டிலின் நெற்றியில் ‘ஓகியெக்’ என்று எழுதியிருப்பதை வெறும் வணிக உத்தி என்று என்னால் தள்ள முடியவில்லை. இன்று கென்யாவில் ஓகியெக் என்று தங்களைப் பதிந்துகொண்டவர்கள் 2019 கணக்கெடுப்பின்படி 52,000-க்குச் சற்று மேல். மக்கள்தொகையில் அல்சூரும் சிவாஜிநகரும் சேர்ந்தால் அவர்களைவிடப் பெரிது.

மாவ் காட்டின் கதையையும் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காடு இருக்கும்வரைதான் இந்தப் பாட்டில் கிடைக்கும். ஏறத்தாழ நான்கு லட்சம் ஹெக்டேர் பரந்த மலைக்காடு அது. மாசாய் மாரா சமவெளியின் காட்டுவிலங்குகள் குடிக்கும் மாரா ஆறு உட்படப் பல ஆறுகள் அங்கே பிறந்து, விக்டோரியா, நக்கூரு, நாட்ரான் ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் அந்தக் காட்டைத் துண்டு துண்டாக விடுவித்துக் குடியேற்றங்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுத்தன. 2001-இல் மட்டும் பல்லாயிரம் ஹெக்டேர் போனது. மரம் வெட்ட உரிமங்களும் கொடுக்கப்பட்டன. ஆறுகள் வற்றத் தொடங்கிய பிறகு, காட்டைக் காக்க வேண்டும் என்ற அதே அரசு, 2009 அக்டோபரில் முப்பது நாளுக்குள் வெளியேற வேண்டும் என்று காட்டிலிருந்த எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுத்தது. எல்லோரும் என்றால் ஓகியெக் மக்களும்தான்.

அவர்கள் அதை எதிர்த்துப் போனது ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்திடம். ஆணையம் 2012-இல் வழக்கை டான்சானியாவின் அருஷா நகரில் இருக்கும் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2017 மே 26 அன்று வந்த தீர்ப்பில், ஓகியெக் மக்கள் தனித்த தொல்குடியினர் என்று நீதிமன்றம் ஏற்றது. அவர்களின் நில உரிமை, சமய உரிமை, பண்பாட்டு உரிமை, இயற்கை வளத்தின் மீதான உரிமை, வளர்ச்சி உரிமை ஆகியவற்றைக் கென்ய அரசு மீறியது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பில் என் கண் நின்ற இடம் ஒன்று உண்டு. காட்டைக் காப்பதற்காகத்தான் வெளியேற்றினோம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. காடு அழிந்ததற்கு ஓகியெக் மக்கள் காரணம் என்று காட்ட எதுவும் இல்லை, வெளியாரின் ஆக்கிரமிப்பும் அரசே செய்த நில விடுவிப்புகளும் மர உரிமங்களுமே காரணம் என்ற முடிவுக்கு அது வந்தது. 2022 ஜூன் 23 அன்று இழப்பீட்டுத் தீர்ப்பும் வந்தது: பொருளிழப்புக்கு 5 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் கென்ய ஷில்லிங், மனவேதனைக்கு 10 கோடி ஷில்லிங், இவற்றோடு மூதாதையர் நிலத்தை எல்லை வகுத்துக் கூட்டாகப் பட்டா செய்து தரவேண்டும் என்ற உத்தரவும். கென்யாவின் 2010 அரசமைப்புச் சட்டமே, வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்ந்த சமூகங்களின் மூதாதையர் நிலத்தைச் சமூக நிலம் என்று சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு 2023 நவம்பரில் நரோக் பகுதியின் சசிம்வானியில் நூற்றுக்கணக்கான ஓகியெக் மக்களின் வீடுகளை வனத்துறையினர் இடித்து அவர்களை வெளியேற்றினார்கள். காட்டில் ஏற்றிவைத்த கூட்டை இறக்கி மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. போனவர் திரும்பிவந்து பார்க்கும் வரை அது மரத்திலேயே இருக்கும்.

இப்போது இரண்டாவது குறைக்கு வருகிறேன். ஒட்டியிருக்கும் தாளில் மக்களின் பெயரும் காட்டின் பெயரும் இருக்கின்றன. ஆனால் எந்த உயரத்துத் தேன், எந்த மாதத்தில் எடுத்தது, மரக்கூட்டிலிருந்து வந்ததா பெட்டியிலிருந்து வந்ததா என்ற மூன்றும் இல்லை. இது அற்பமான கேள்வி என்று நான் நினைக்கவில்லை. காட்டுக்குள் போக முடியாமல் விளிம்பில் வீடு கட்டி வாழும் ஓகியெக் குடும்பங்கள் பல இன்று மரச்சட்டப் பெட்டிகளிலும், 1970-களில் கென்யாவில் உருவான மேற்சட்டப் பெட்டிகளிலும் தேனீ வளர்க்கின்றன. அந்தத் தேனும் அவர்களின் தேன்தான், அதையும் நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன். ஆயினும் மேட்டுக்காட்டில் தொம்பேயா பூத்தபோது மரக்கூட்டில் எடுத்த தேனையும், அடிவாரத்துச் சோளக்கொல்லைக்குப் பக்கத்தில் பெட்டியில் எடுத்த தேனையும் ஒரே பெயரில், ஒரே விலையில், ஒன்றாகக் கலந்து ஊற்றினால், இரண்டில் எதன் மதிப்பும் வாங்குகிறவருக்குத் தெரியாமல் போகிறது. மலைப்பட்டையின் எந்தப் படியில் எந்த மாதம் தேன் என்று துல்லியமாக அறிந்த மக்களின் பெயரில் வரும் பாட்டிலில், அந்த அறிவுக்கு ஒரு வரி இடம் ஒதுக்கியிருக்கலாம். என் பாட்டிலில் இருக்கும் புகை வாடையையும் கெட்டித்தன்மையையும் வைத்து இது மரக்கூட்டுத் தேன் என்று நான் ஊகிக்கிறேன். பணம் கொடுத்து வாங்குகிறவர் ஊகிக்கும்படி விடக்கூடாது.

விலை நக்கூருவில் பாட்டிலுக்கு 600 ஷில்லிங், நம் பணத்தில் ஏறத்தாழ 400 ரூபாய். பெங்களூரில் பழங்குடியினர் எடுத்த தேன் என்று விற்கும் கடைகளில் அரைக் கிலோவுக்கு நான் 350 முதல் 600 வரை கொடுத்திருக்கிறேன். ஆகவே விலையைப் பெரிதென்று சொல்ல முடியாது. இங்கே கிடைப்பதில்லை என்பதுதான் சிரமம். கென்யாவிலிருந்து வருகிறவர் யாராவது இருந்தால்தான் கேட்டுப் பெறமுடியும். அப்படிக் கேட்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: தேன் விமான விதிகளின்படி திரவம், இவ்வளவு பெரிய பாட்டிலைக் கைப்பையில் அனுமதிக்கமாட்டார்கள். பெட்டியில் வைத்தால் மூடியின் மேல் நெகிழ்நாடாவைச் சுற்றி, இரண்டு உறைகளுக்குள் போட்டு, துணிகளுக்குத் தொலைவில் வைக்கச் சொல்லுங்கள்.

பெங்களூரில் இருந்துகொண்டே இதற்கு அருகில் வரும் ஒன்றை வாங்க வேண்டும் என்றால், பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களின் தேனைத்தான் சொல்வேன். சுவையில் இரண்டும் தொலைவு. ஆனால் கதையில் நெருக்கம். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி சிறு வனப்பொருள்களை எடுக்கவும் விற்கவும் காட்டுமக்களுக்கு உரிமை உண்டு. 2011-இல் அந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், சோளகர்கள் தங்கள் சமூக வன உரிமைகளைப் பெற்றார்கள். இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்கள். நான் ஒவ்வொரு ஆண்டும் வாங்கும் பாட்டிலில் ஊர்ப்பெயரும் எடுத்த ஆண்டும் இருக்கின்றன. தாளவாடியில் அப்பா எழுதிய ‘மலைத்தேனை’விட இது நெடுந்தூரம் முன்னேறியது.

சமையலறையில் எப்படி என்று கேட்பவர்களுக்கு: தினையை வறுத்து இடித்த மாவில் ஏலம் தட்டிப் போட்டு, இந்தத் தேனை ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்ததுதான் எங்கள் வீட்டில் மிக நன்றாக அமைந்தது. தினையின் கசப்புக்கும் தேனின் புகைக்கும் நல்ல பொருத்தம். மாமியாரும் இதில் மட்டும் குறை சொல்லவில்லை. மார்கழியில் கேழ்வரகு அடைக்குத் தொட்டுக்கொள்ளவும் நன்றாக இருந்தது. எலுமிச்சைச் சாற்றில் புகை முன்னால் வந்து நிற்கிறது, எனக்கு ஒவ்வவில்லை. கொதிக்கும் பாலில் போட்டால் மணம் முழுவதும் பறந்துவிடும், ஆறவிட்டுக் கலக்கவேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில் தடவக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதை இதற்கும் பொருத்திக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் குளிரில் பாட்டிலின் கீழ்ப் பாதி வெண்ணெய் போல உறைந்துபோனது. உறைந்த தேன் என்றால் சர்க்கரை கலந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா பதறினார். தேனில் குளுக்கோஸ் மிகுதியாக இருந்தால் குளிரில் உறைவது இயல்பு. நல்ல தேனும் உறையும். கை தாங்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, அதில் பாட்டிலை அரைமணி நேரம் நிறுத்தினேன், பழையபடி இளகிவிட்டது. எனக்கு உறைந்த பாதியே பிடித்திருந்ததால் அடுத்த முறை அப்படியே விட்டுவிட்டேன். ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவலாம், ஒழுகாது.

சென்ற வாரம் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தபோது, கடையில் தேன் வாங்கிய நாள்களைப் பற்றிக் கேட்டேன். எந்தக் காட்டுத் தேன், எந்த மாதம் என்று அவர்களிடம் கேட்பீர்களா அப்பா என்றேன். “கேக்காம வாங்குவனா? பூவச் சொல்லுவாங்க, பாறையச் சொல்லுவாங்க. எல்லாம் நோட்டுல இருக்கு” என்றார். எடை, தொகை, கொண்டுவந்தவரின் பெயர், எடுத்த இடம் என்று நான்கு கட்டம் போட்டு அவர் எழுதிய நோட்டுகள் இன்னமும் தாளவாடி வீட்டுப் பரணில் இருக்கின்றனவாம். நோட்டில் இருந்தது பாட்டிலுக்கு வராமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நக்கூருக் கடையிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கக்கூடும் என்று தம்பிக்கு எழுதினேன். அவன் கடைக்காரரைக் கேட்டிருக்கிறான். தேன் கொண்டுவருபவர் அடுத்த மாதம் வரும்போது எந்தப் பக்கத்துக் காடு, எந்தப் பூ என்று கேட்டுச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த விவரத்தோடு, இந்த முறை இறுக மூடிய தகர டப்பாவில், இரண்டு கிலோ வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.